எங்க சார் சாப்பிடுதா

ஒரு ஊரிலே ஒரு அம்மா இருந்தாளாம், அந்த ஊர் அவளுடைய ஊர் இல்லையாம், அவளுக்கு ஒரே ஒரு மகளாம். ராஜா வேண்டாம் இந்தக் கதைக்கு, காடும் மலையும் வேண்டாம். இளம்பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு நடை, ஆட்கள் சாய்ந்து சாய்ந்து தோள் உயரத்துக்கு எண்ணெய் படிந்த அதன் சுவர், தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் ஒரு கதவு, கதவுக்கு எதிரே பொத்தல் பொத்தலான ஒரு இரும்பு பெஞ்சு, அவ்வளவு போதும். பெரியாஸ்பத்திரி. முற்பகல். பெஞ்சில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு உள்ளே அவள் மகள் கனிஷ்கா இருந்தாள், ஐந்து வயசு, இடது முன்கை ஒடிந்து, நடுவில் ஒரு வளைவு விழுந்து, அட்டையும் துணியும் வைத்துக் கட்டி. நர்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறிது நேரம்தான் ஆகிறது. மயக்க மருந்து கொடுத்து, எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போடப் போகிறார்கள். மயக்க டாக்டர் வர வேண்டியதுதான் பாக்கி. எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சந்தனமாரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒரு பேச்சு மட்டும் புடவைக் கொசுவத்தில் ஒட்டிய நாயுருவி போல உதற உதற ஒட்டிக்கொண்டே இருந்தது. நல்லதாப் போச்சு. எலும்பு டாக்டர் அப்படித்தானே சொன்னார். பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்று இவள் சொன்னதும், அதுவரை எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நல்லதாப் போச்சு" என்றார். பிள்ளை சாப்பிடவில்லை என்று சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள், டானிக் வாங்கிக் கொடு என்பார்கள், பூச்சி மருந்து கொடுத்தாயா என்பார்கள். நல்லதாப் போச்சு என்று சொன்ன மனுஷரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவர் ஏன் அப்படிச் சொன்னார். அதில் நல்லது என்ன இருக்கிறது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அவசரக்காரர். வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அவர் ஒருத்தர்தான், அவருக்கும் ஒரு வாய்தானே. ஆனாலும் அந்தப் பேச்சு. "எப்படி விழுந்தா?" என்று கேட்டார். இவள் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் ஸ்கூல் வேன் வருவதற்காக வீட்டுக்காரம்மாவின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றோம் சார், டிபன் பையை எடுக்க நான் உள்ளே போனேன் சார், அதுக்குள்ள அவ கேட்டு மேல ஏறி, "கதை வேண்டாம்மா. உயரத்துல இருந்து விழுந்தாளா, நின்ன எடத்துலயே விழுந்தாளா?" கேட்டுல ஆடிக்கிட்டிருந்தா சார், கீழ்க் கொண்டி கழண்டு, "உயரத்துல இருந்து. சரி. வாந்தி எடுத்தாளா?" இல்ல சார். "மயக்கம் போட்டாளா?" இல்ல சார், அழுதா, அழுதவ திடீர்னு அழாம என்னயப் பாத்தா, அப்பத்தான் எனக்கு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுமா. யார் இந்தத் துண்டக் கட்டச் சொன்னது? இப்படியா இறுக்குவாங்க? அப்பா எங்க?" லாரியில போயிருக்காவ சார். "எல்லா வீட்டுலயும் அப்பன் இந்த நேரத்துக்குத்தான் ஊர்ல இருக்க மாட்டான். காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" எந்தக் கேள்விக்கும் முழுதாகப் பதில் சொல்ல விடாத அவர், இந்தக் கேள்வி கேட்டபோது மட்டும் நிறுத்தினார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இவள் யோசிக்கவே இல்லை. தூங்குகிறவள் கொசுவைத் தட்டுவது மாதிரி அது தானாக வந்தது. "எங்க சார் சாப்பிடுதா. ஒண்ணுமே சாப்பிடலை." நல்லதாப் போச்சு. "சிஸ்டர், வெறும் வயிறு. இப்பவே எடுத்துரலாம். மயக்க டாக்டருக்குப் போன் போடுங்க."

அது பொய் என்று இவளுக்குத் தோன்றவே இல்லை. காலில் செருப்பைப் போட்டுக்கொள்வதைப் பொய் என்று யாராவது சொல்வார்களா, வாசல் தாண்டும்போது போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். வாசல் தாண்டினால் பிள்ளை சாப்பிடாது. ஸ்கூல் வாசலில் நிற்கிற அம்மாமார்களைக் கேட்டுப் பார்க்கட்டும். ஏனுங், உங்க பொண்ணு என்ன சாப்பிட்டா? அட போங்க, எங்கீங் சாப்பிடறா, ரெண்டு வாய் வச்சுட்டு ஓடியே போயிட்டா. உங்க பையன்? அத ஏங் கேக்கறீங், பாலக் கூடத் தொடல. அங்கே நிற்கிற பிள்ளைகள் எல்லாம் காற்றைக் குடித்தே கன்னம் உப்பியவர்கள். ஊர் எட்டு மைல் தள்ளினால் பேச்சு மாறும், இந்தக் கொங்கு நாட்டுப் பேச்சு இவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, இவள் வாயைத் திறந்தால் கடைக்காரப் பையன்கள் "சொல்லுதேன், வாரேன்" என்று திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த வாசலும் இவள் பிறந்த உப்பள ஊரும் ஒன்றேதான். அம்மா அப்படித்தான் வளர்த்தாள். கஞ்சி குடித்தாலும் கறி தின்றாலும் கதவைச் சாத்திக்கொண்டு. தம்பி இசக்கிராஜா இருந்தான், தொடையில் மடிப்பு மடிப்பாய், கையில் கருப்பு வளையல், கன்னத்தில் பொட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த ஒரு அத்தை, பெயர்கூட மறந்துபோயிற்று, அவளுடைய மூக்குத்தியின் மினுக்கம் மட்டும் நினைவிருக்கிறது, தம்பி சோற்றை அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்து, "ஏ அம்மா, என்னா தீனி திங்கான்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே, அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துத்தான் சொன்னாள். அந்தக் கொடைக்குப் போட்ட பந்தல் பிரிக்கும் முன்னே தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, அதிலிருந்து அவன் எழவே இல்லை. அத்தை அப்படிச் சொன்னதிலிருந்து அம்மா யாரிடமும் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டார்கள் என்று சொன்னதில்லை. கல்யாணம் ஆகிப் போகிற அன்றைக்கு ஊரே கூடி நின்று சாப்பிட்டாயா தாயி என்று கேட்டதற்கு, அம்மா முந்திக்கொண்டு, எங்க சாப்பிட்டா, ஒண்ணும் இறங்கல அவளுக்கு என்றாள். அப்போது இவள் வயிற்றில் இரண்டு பந்திச் சோறு இருந்தது.

கனிஷ்கா நன்றாகச் சாப்பிடுவாள். இதை மனசுக்குள் சொல்லும்போதுகூட சந்தனமாரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதுதான் இவளுடைய ஒரே பெருமை, ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத பெருமை. நாச்சிமுத்து லாரி எடுத்துக்கொண்டு போனால் ஒரிசா, அதற்கும் அந்தப் பக்கம், என்றைக்கு வருவான் என்று அவனுக்கே தெரியாது. உப்பு ஏற்ற வந்த இடத்தில் பார்த்துப் பேசிக் கட்டிக்கொண்டவன். அவன் வீட்டாரும் வருவதில்லை, இவள் வீட்டாரும் வருவதில்லை. ஒரே வரிசையில் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு, கதவைச் சாத்தினால் இவளும் மகளும். இவள் தட்டில் இட்லியை வைப்பாள். கனி முதலில் இட்லியைக் குத்தி ஒரு குழி பண்ணுவாள், குழியில் சட்னியை விடுவாள், பிறகு குழியோடு பிய்த்து வாயில் போட்டு, இன்னும் என்பாள். அந்த இன்னும் என்ற சொல்லைக் கேட்கத்தான் இவள் விடிவதற்கு முன்னே எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்கும் இன்னும் என்றாள். இன்றைக்கு கெட்டிச் சட்னி. நல்லவேளை, சாப்பிட்டுவிட்டுத்தான் விழுந்தாள், வெறும் வயிற்றோடு விழுந்திருந்தால் வலியைத் தாங்கியிருக்க மாட்டாள் என்று ஆட்டோவில் வரும்போது நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது. எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் வரிசை. வரிசையில் அழுதாள் என்று வெளியே டீக்கடையில் ஒரு பன் வாங்கி, பாலில் நனைத்து நனைத்து. அதை ஒருத்தரும் பார்க்காமல் தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று ஊட்டினாள். ஆஸ்பத்திரியில் கண் அதிகம்.

"என்ன கண்ணு, கொழந்தைக்குக் கையா?" பெஞ்சின் மறு ஓரத்தில் இருந்த பெண் கேட்டாள். ஒரு தூக்குப் போசியை, மூடி போட்ட சாப்பாட்டுத் தூக்கை, மடியில் அணைத்து வைத்திருந்தாள். அவள் பெயர் பாவாத்தாள் என்று நர்ஸ் ஒரு தடவை கூப்பிட்டதில் தெரிந்திருந்தது. கைதான் அக்கா, கேட்டுல இருந்து விழுந்துட்டா, மயக்க ஊசி போட்டு நேராக்கப் போறாவ. "பயந்துக்காத அம்மிணி. என்ற வீட்டுக்காரருக்குக் காலு. ஆப்பரேசன் நேத்தே பண்ணியிருக்கோணும். இந்த மனுசன் இருக்கறாரே, பல்லு வெளக்கறேன்னு போயி கேண்டீன்ல ஒரு போண்டாவ முழுங்கிட்டு வந்து நிக்கறாரு. டாக்டரு பாரு, புடிபுடின்னு புடிச்சுட்டாரு. உனக்கு போண்டா பெருசா உசுரு பெருசான்னு. இன்னைக்குத் தள்ளி வச்சுட்டாங்க. ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி குடுக்கல. இப்ப உள்ளாரக் கூப்புட்டுருவாங்க." போண்டா தின்னா என்னக்கா? இவள் குரல் இவளுக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்க வேண்டியிருந்தது. "அதென்னமோ, மயக்கத்துல கெடக்கறப்ப வயித்துல இருக்கறது மேல வந்துச்சுன்னா நெஞ்சுக்குள்ள எறங்கி மூச்ச அடைச்சிருமாமா. ஆளு எந்திரிக்கவே மாட்டாங்களாமா. அதுக்குத்தான் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு அத்தன தடவ கேக்கறாங்க. உம் புள்ள வெறும் வயித்தோடதான இருக்குது?" சந்தனமாரி வாயைத் திறந்தாள். "ஆமாக்கா," என்றாள். "எங்க சாப்பிடுதா அவ."

கை காலெல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தன, பெஞ்சின் பொத்தல்கள் தொடையில் அழுந்தியதும் தெரிந்தது, ஆனால் காது அடைத்துக்கொண்டது, உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் மத்தியானம் நிற்கும்போது வருமே, எல்லாம் வெள்ளையாய், சத்தமே இல்லாமல். நல்லதாப் போச்சு. இதுதானா அது. அந்தக் கேள்வி விசாரிப்பு இல்லை. ஸ்கூல் வாசலில் கேட்கிற கேள்வி இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இவளுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. இல்லை, தெரியும், ஊசி போடும்போது சாப்பிட்டுவிட்டு வா என்பார்களே, காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட பிறகு என்பார்களே, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு நல்லது என்றுதானே. சரி, இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். எழுந்து போய்ச் சொன்னால் ஆயிற்று. சார், பிள்ளை சாப்பிட்டுட்டா. இவ்வளவுதானே. ஆனால் இட்லி எத்தனை நேரம் வயிற்றில் இருக்கும், இட்லி பஞ்சு மாதிரி, இன்னேரம் கரைந்து போயிருக்கும், காய்ச்சல்காரருக்கே இட்லி கொடுக்கிறார்கள். முட்டை? முட்டையும் ஒன்று தின்றாள். பன் இப்போதுதானே. பாலில் நனைத்த பன். அது எங்கே இருக்கும் இப்போது, நெஞ்சிலா வயிற்றிலா. பாவாத்தாள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று என்ன, போண்டா எண்ணெய்ப் பலகாரம், அதனால் சொல்லியிருப்பார்கள். சொன்னால் டாக்டர் கத்துவார். கத்தட்டும். பொய் சொன்னாயா என்பார். உன் பிள்ளையைப் பார்க்க முடியாது, வேற ஆஸ்பத்திரிக்குப் போ என்றால்? எங்கே போவாள், இந்த ஊரில் இவளுக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்ததே ஆட்டோக்காரனால்தான். கை அப்படியே வளைந்து கூடிவிட்டால்? ஸ்கூலில் கோணக்கை என்று கூப்பிடுவார்கள். கோணக்கை இருக்கட்டும். கை கோணினால் கோணிவிட்டுப் போகட்டும், கோணக் கையால் குழி பண்ணிச் சட்னி விட்டு. நடையின் அந்தக் கோடியில் டாக்டர் வந்தார். தலையைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு, கையில் வேறு யாருடைய படத்தையோ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு. இவள் எழுந்தாள். "சார்." அவர் போனில், நான்தான் சொன்னேனே, ரெண்டு ஸ்க்ரூ பத்தாது, என்று சொல்லிக்கொண்டே கையைக் கீழே ஆட்டினார், உட்கார் உட்கார் என்று, நாயை அதட்டி உட்கார வைக்கிற கை அது. இவள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தது தானா உட்கார்ந்தது தானா என்று தெரியவில்லை. அவர் உள்ளே போனார், கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. உட்கார்ந்துவிட்டாயே. ஒரு கை ஆட்டினால் உட்கார்ந்துவிடுவாயா.

போனை எடுத்து நாச்சிமுத்துவுக்கு அடித்தாள். பதிவு செய்து வைத்த குரலாக அந்தப் பெண்தான் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள்தான் எடுக்கிறாள், புரியாத பாஷையில், நிதானமாக, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், அவன் எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்பதைத்தான் சொல்கிறாளாக இருக்கும். இத்தனை வருஷத்தில் நாச்சிமுத்துவின் குரலைவிட அவள் குரல்தான் சந்தனமாரிக்கு அதிகம் பழகியிருக்கிறது, எந்த இடத்தில் மூச்சு எடுப்பாள் என்பதுகூடத் தெரியும். காலையில் இருந்து இவளிடம் எரிந்து விழாமல் பேசியது அவள் ஒருத்திதான். சந்தனமாரி போனைக் காதோடு அழுத்தி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "அஞ்சு இட்லி தின்னா," என்றாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை. "கெட்டிச் சட்னி. அவிச்ச முட்டை ஒண்ணு. ஒரு டம்ளர் பாலு. அப்புறம் பன்னு." அந்தப் பெண் சொன்னதையே மறுபடி சொன்னாள், அதே நிதானம். அவளுக்குக் கண் இல்லை, கண் படாது. எத்தனை லேசாக வந்துவிட்டது. முழுசாக, ஒரு சொல் தடுக்காமல். இதையேதான் அங்கே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே கண் இருக்கிறது. உள்ளே படுக்கையில் ஒடிந்த கையோடு கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்கும்போது, பிள்ளை அஞ்சு இட்லி தின்றாள் என்று இவள் சொன்னால், அத்தனை பேர் கண்ணும் ஒரே சமயத்தில் அந்தச் சின்ன வயிற்றுக்குப் போகும். ஏ அம்மா, என்னா தீனி. மூக்குத்தி மினுங்கியது. சொல்லாவிட்டால் மயக்கத்தில் மூச்சடைக்கும், சொன்னால் கண் பட்டு. இரண்டு பக்கமும் தள்ளினால் திறக்கும் கதவு. அம்மா இருந்தால் கேட்கலாம், அம்மா, நீ என்ன சொல்வாய். அம்மா சொல்வாள், எங்க சாப்பிட்டா. சாகிறவரை அதைத்தான் சொன்னாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது கூட்டிக்கொண்டு போன டாக்டரிடமும் அம்மா அதைத்தான் சொன்னாளா? இந்த யோசனை இவளுக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணாக இவள் அங்கே இருந்தாளே, அந்த டாக்டர் கேட்ட கேள்விகள் என்ன, அம்மா சொன்ன பதில்கள் என்ன. ஒன்றும் ஞாபகம் இல்லை. அந்த டாக்டரின் செருப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, அதுவும் வேகமாகப் போன செருப்பு.

நர்ஸ் ஒருத்தி டிரேயோடு போனாள். "சிஸ்டர், எம் பிள்ளை," "உள்ளதான் இருக்கா, நல்லா இருக்கா, அழல." சிஸ்டர், ஒரு விஷயம், "எதுன்னாலும் டாக்டர்கிட்ட பேசிக்கோம்மா, என்னை ஆளாளுக்குப் புடிச்சா நான் என்ன பண்றது." கதவு ஆடி நின்றது. ஆடி நிற்கிற அந்த இடைவெளியில் உள்ளே பச்சைத் துணியும், துணிக்கு வெளியே கனியின் ஒரு பாதமும் தெரிந்தன. காலையில் போட்டுவிட்ட ஒரு சாக்ஸ் இன்னும் அந்தக் காலில் இருந்தது. இன்னொன்று எங்கே விழுந்தது. ஆட்டோவிலா. கேட்டுப் பக்கத்திலா. அப்போது மாடிப்படியில் இருந்து ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தாள், கையில் ஹெல்மெட், மூச்சு வாங்க, நேரே கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "மயக்க டாக்டரு வந்தாச்சு," என்றாள் பாவாத்தாள், "இனி சித்த நேரந்தான் கண்ணு, சாமியக் கும்பிட்டுக்க." உள்ளே இருந்து குரல்கள் கேட்டன. "வெயிட் எவ்வளவு? வெறும் வயிறுதானே சிஸ்டர்?" "ஆமா மேடம், அவங்கம்மாவே சொன்னாங்க." அவங்கம்மாவே சொன்னாங்க. அவங்கம்மா. அது யார். அது நான். இவள் எழுந்ததை இவள் பார்க்கவில்லை. கதவு நெற்றியில் வந்து மோதியது, கையால் தள்ளாமல் முகத்தால் தள்ளியிருக்கிறாள் போல, உள்ளே குளிர், மருந்து வாடை, மேலே ஒரு பெரிய விளக்கு.

"யாரும்மா அது! செருப்போட! வெளிய போ!" எலும்பு டாக்டர்தான். இவள் போகவில்லை. அவர் கையை ஆட்டினார், அதே கை. இவள் கால் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தது, வைத்த கால் அங்கேயே நின்றது. "சார், அவ சாப்பிட்டுட்டா." "என்ன?" "சாப்பிட்டுட்டா சார். அஞ்சு இட்லி. கெட்டிச் சட்னி. ஒரு முட்டை. பாலு ஒரு டம்ளர்." குரல் நிற்கவில்லை, மடை திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டே இருந்தது, நாலு பேர் முகத்துக்கு முன்னால், அத்தனை கண்ணுக்கும் முன்னால், இவள் பிள்ளை தின்றதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், "எப்பவும் நல்லாத்தான் சார் சாப்பிடுவா, தட்டுல மிச்சமே வைக்க மாட்டா, இன்னும் இன்னும்னுதான் கேப்பா." மயக்க டாக்டரம்மாவின் கையில் இருந்த ஊசி கீழே இறங்கியது. பச்சைத் துணிக்குள் இருந்து கனியின் குரல் கேட்டது, கொஞ்சம் கோபமாக, "அம்மா, பன்னு?" என்று. "பன்னு சொல்லவே இல்ல." "ஆமா சார், பன்னு. இப்பத்தான், எக்ஸ்ரே எடுக்கையில." கனி டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள், "பால்ல முக்கி." யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். எலும்பு டாக்டர் கையுறையைக் கழற்றி வாளியில் வீசினார். "ஏம்மா, உன்கிட்ட நிறுத்தி நிதானமாத்தான கேட்டேன்? எல்லாத்துக்கும் கதை சொல்லத் தெரியுது, இத ஒண்ண ஒழுங்காச் சொல்லத் தெரியாதா? ஏன் பொய் சொன்ன?" பொய் இல்ல சார். "பின்ன?" அதை எப்படிச் சொல்வது. வாசல், செருப்பு, கொடை, மூக்குத்தி, தம்பி, ஸ்கூல் கேட்டு. கதை வேண்டாம் என்பார். "அப்படித்தான் சார் சொல்லுவோம்," என்றாள். அவர் இவளை முறைத்தார். திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது அவர் முகத்தில், எதையோ எண்ணி அதை விழுங்கினார். "சாயங்காலம் பாக்கலாம். அதுவரைக்கும் பச்சத் தண்ணி தொண்டையில இறங்கக் கூடாது. அழுதாலும் குடுக்கக் கூடாது, எந்தச் சாமி வந்து சொன்னாலும் குடுக்கக் கூடாது. விளங்குதா?" விளங்குது சார். "விரல ஆட்டச் சொல்லு. விரல் நீலமானாலோ மரத்துப் போச்சுன்னு சொன்னாலோ உடனே வந்து என்னைக் கூப்பிடு. கூப்பிடணும். நான் போன்ல இருந்தாலும் கூப்பிடணும்." 

அதற்கப்புறம் எல்லாரும் அவரவர் வழியில் கலைந்தார்கள். மயக்க டாக்டரம்மா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கனியின் கன்னத்தைத் தொடப் போய், என்ன நினைத்தாளோ, காலில் இருந்த ஒற்றைச் சாக்ஸைத் தொட்டுவிட்டுப் போனாள். பாவாத்தாளை அவள் வீட்டுக்காரரின் கட்டில் பின்னாலேயே கூப்பிட்டார்கள், அவள் தூக்குப் போசியோடு ஓடினாள், திரும்பிப் பார்க்க நேரமில்லை. நர்ஸ் கனியைக் கொண்டுவந்து இவள் தோளில் சாய்த்து, கட்டுப் போட்ட கை படாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, வார்டில் கட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். நடையில் இவளும் மகளும்தான். வலிக்குப் போட்ட ஊசியில் கனி சொக்கிக் கிடந்தாள், அவள் மூச்சில் இன்னும் பன் வாசனை அடித்தது. கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார், அடுத்தவருடைய படம் கக்கத்தில். இவளைத் தாண்டிப் போனவர் நின்றார். "அஞ்சா?" என்றார். "சின்ன இட்லிதான் சார்," என்று இவள் வாய் முந்திக்கொண்டது, கை தானாகப் போய் மகளின் வயிற்றை மூடியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "என் வீட்லயும் ஒண்ணு இருக்குது," என்றார் சுவரிடம். "எங்க சாப்பிடுது. ஒண்ணுமே சாப்பிடறதில்ல." சொன்னவருக்கே அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நிஜமாகவே அந்தப் பிள்ளை சாப்பிடாதோ, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு யாராவது வீட்டில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்களோ. இல்லை அவரும் வாசல் தாண்டும்போது. கேட்க வேண்டும் போல இருந்தது, இந்த ஊரில் முதல்முறையாக ஒருவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் போல. அதற்குள் அவர் போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். சந்தனமாரிக்கு ஒரு கைதான் ஒழிந்திருந்தது. அந்தக் கையால் மகளின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பிறகு அதே கையை நடையின் நீளத்துக்கும் நீட்டி, போகிற அந்த முதுகுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிற, பெயர் தெரியாத, சாப்பிடுகிறதோ சாப்பிடாததோ தெரியாத ஒன்றையும் சேர்த்து வழித்து, இன்னொரு தடவை முறித்தாள். விரல்கள் படபடவென்று சொடுக்கின. அவருக்குக் கேட்கவில்லை, ரெண்டு ஸ்க்ரூ பத்தாது என்று யாரிடமோ கத்திக்கொண்டே, அவர் திரும்பாமல் நடந்து போனார்.